டாக்டர்களுக்கான நடத்தை விதிகள்: 2002 பதிப்பும், 21 நாளில் கிடப்புக்குப் போன 2023 பதிப்பும்

இந்தியாவில் அலோபதி டாக்டர் நோயாளியிடம், சக டாக்டரிடம், மருந்துக் கம்பெனியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதித் தொகுப்பு 2002 ஏப்ரல் 6-ல் அரசிதழில் வெளியானது. அதை வெளியிட்ட இந்திய மருத்துவக் கவுன்சில் கலைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. விதிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்ட் 23-ல் அவற்றைக் கிடப்பில் போட்டு, பழையதே தொடரும் என்று அறிவித்தது. ஆக, இன்று ஒரு டாக்டர் மீது புகார் கொடுத்தாலும், டாக்டரே தன் கடமை என்னவென்று புரட்டிப் பார்த்தாலும், கையில் எடுக்க வேண்டியது 2002 பதிப்பைத்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பழையது பலர் நினைப்பதைவிட நல்ல விதி. அமல்படுத்தும் கை மட்டும் தளர்ந்தது. புதியது பல இடங்களில் அதைவிடக் கூர்மையானது. ஆனால் கடினமான வேலையை எல்லாம் டாக்டரின் பேனா மேல் ஏற்றிவிட்டு, மெடிக்கல் ஷாப்பையும் மருந்துத் தரத்தையும் தொடாமல் விட்டது. சறுக்கியதும் அங்கேதான்.

பழைய பதிப்பில் நோயாளிக்கு அதிகம் பயன்படுவது 1.3.2 எண்ணுள்ள விதி. நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த உறவினரோ, சட்ட அதிகாரிகளோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுத்தால் 7.2-ன்படி அதுவே நடத்தைக் குற்றம். சிகிச்சை சரியா தவறா என்ற வாதத்துக்கே போக வேண்டியதில்லை.

நடைமுறையில் இது எங்கே சிக்குகிறது என்றால், கேட்கும் விதத்தில். "ரிப்போர்ட் எல்லாம் குடுங்க" என்று கவுன்டரில் வாயால் கேட்டால், டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள். வேண்டியது முழு கேஸ் ஷீட். கடிதத்தில் உள்நோயாளி எண், அனுமதித்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி மூன்றையும் எழுதி, கீழே வரிசையாகப் பட்டியல் போட வேண்டும்: அட்மிஷன் நோட்ஸ், டாக்டரின் தினசரிக் குறிப்புகள், நர்ஸ் சார்ட், மருந்து கொடுத்த சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவங்கள், லேப் மற்றும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஐ.சி.யூ. சார்ட். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்க வேண்டும். 72 மணி நேரம் அந்த முத்திரையிலிருந்துதான் ஓடும். முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்பது நியாயம். பில் பாக்கியைக் காட்டி ஆவணத்தை நிறுத்தி வைக்க இந்த விதி எங்கும் இடம் தரவில்லை.

இதே பிரிவில் ஒரு ஓட்டையும் உண்டு. ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டிய 3 ஆண்டு, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, முடிந்த நாளிலிருந்து அல்ல. அதுவும் உள்நோயாளிகளுக்கு மட்டும். ஆண்டுக்கணக்கில் சிகிச்சை எடுத்தவர் பின்னால் கேட்கும்போது முதல் ஆண்டுத் தாள்களுக்கு விதிப்படி கெடு முடிந்திருக்கும். ஓ.பி. நோயாளிக்கு எதுவுமே இல்லை. 2023 பதிப்பு இதைச் சரிசெய்தது: கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து 3 ஆண்டு, புறநோயாளிக்கும் சேர்த்து, 3 ஆண்டுக்குள் எல்லாம் கணினிமயம். ஆனால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்தது போல, 72 மணி நேரத்தை ஐந்து வேலை நாளாக்கியது. வியாழக்கிழமை கேட்டால் அடுத்த வியாழன் வரை போகலாம். கேஸ் ஷீட்டில் திருத்தம் செய்ய நினைப்பவருக்கு இந்த இடைவெளி போதும். அவசர நிலையில் முடிந்தவரை சீக்கிரம் தர முயல வேண்டும் என்று சொன்னதோடு சரி, மணிக் கணக்கு இல்லை.

ஜெனரிக், அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் மூலப்பொருளின் பெயரில் மருந்து எழுதும் விஷயத்துக்கு வருவோம். 2023 பதிப்பைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு இதற்குத்தான். கிடப்பில் போட்டதும் "ஜெனரிக் பெயர் எழுத வேண்டிய கட்டாயம் போய்விட்டது" என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். போகவில்லை. 2002 விதியின் 1.5 முதலில் "முடிந்தவரை" ஜெனரிக் பெயரில் எழுதச் சொன்னது. 2016 திருத்தம் அந்த "முடிந்தவரை"யை வெட்டிவிட்டு, புரியும்படி, கூடுமானால் பெரிய எழுத்துகளில் எழுதவும் சொன்னது. அது இன்றும் அமலில்தான் இருக்கிறது. 2023-ல் புதிதாக வந்தது தண்டனைப் படிகள்: முதலில் எச்சரிக்கை அல்லது பயிற்சி வகுப்பு, திரும்பத் திரும்ப மீறினால் பதிவு இடைநிறுத்தம்.

டாக்டர்களின் எதிர்ப்பைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. மருந்துச்சீட்டில் ஒரு பிராண்ட் பெயர் இருந்தால், மருந்து விதிகளின்படி கடைக்காரர் ஷெட்யூல் எச், எக்ஸ் மருந்துகளில் (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்பவை) வேறொன்றை மாற்றித் தரக் கூடாது. அதே மூலப்பொருள் இருந்தாலும் கூடாது. "பாராசிட்டமால் 650 மி.கி." போல வெறும் மூலப்பெயரை எழுதினால், எந்தக் கம்பெனி மாத்திரை என்ற முடிவு கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரிடம் போகிறது. அவர் எடுத்துத் தருவது விலை குறைந்ததாகத்தான் இருக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை; லாபம் அதிகம் உள்ள அட்டைதான் முதலில் கைக்கு வரும். பல கம்பெனிகள் ஒரே மருந்தை ஜெனரிக் என்று கடைக்கு மலிவாகக் கொடுத்து, அட்டையில் பெரிய விலை அச்சடிக்கின்றன. வித்தியாசம் நோயாளிக்கு வருவதில்லை.

அடுத்தது தரம். உடலில் மருந்து ஒரே அளவில் சேர்கிறதா என்ற சமநிலைச் சோதனை, எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு 2017 ஏப்ரலிலிருந்துதான் உரிமத்துக்கு நிபந்தனையானது. அதற்கு முன் உரிமம் வாங்கியவை சந்தையில் இருக்கின்றன. ஃபெனிட்டாயின், வார்ஃபரின், டிகாக்சின், லெவோதைராக்சின் போன்றவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. வலிப்பு திரும்ப வரலாம், ரத்தம் உறையலாம் அல்லது நிற்காமல் கசியலாம். 2023 பதிப்பு இந்தக் குறுகிய பாதுகாப்பு எல்லை மருந்துகளுக்கு விலக்கு அளித்தது, அது சரியான முடிவு. மற்றவற்றின் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத்தான் விட்டுவிட்டது.

ஜெனரிக்கை ஓட வைக்க முடியாது என்பதல்ல இதன் பொருள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மூலப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. அங்கே வரிசை வேறு: டெண்டர், கிடங்கு, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புதல், தேறினால் மட்டும் விநியோகம். அரசு டாக்டர் மூலப்பெயரில் நிம்மதியாக எழுத முடிவது, அவர் பேனாவுக்குப் பின்னால் அந்தச் சோதனை இருப்பதால்தான். தனியார் சந்தையில் அந்த வரிசையின் கடைசிப் படியை மட்டும் பிடுங்கி முதலில் வைத்தது 2023 விதி.

கம்பெனி பரிசு விவகாரத்தில் கதை நேர் எதிர். அங்கே புதிய பதிப்புதான் ஆளை அடையாளம் கண்டது. பழைய பதிப்பில் 2009 டிசம்பரில் சேர்த்த 6.8, டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், தங்கும் வசதி, பணம் வாங்கக் கூடாது என்றது. 2016 பிப்ரவரி திருத்தம் தண்டனை அட்டவணை தந்தது. பரிசு ரூ.1,000-க்கு மேல் ரூ.5,000 வரை என்றால் கண்டனம், ரூ.10,000 வரை 3 மாதம் பதிவு நீக்கம், ரூ.50,000 வரை 6 மாதம், ரூ.1 லட்சம் வரை ஓராண்டு. அதற்கு மேல் ஓராண்டுக்கும் கூடுதல். படிக்க நன்றாக இருக்கிறது. அதே திருத்தம் சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்தது: "டாக்டர்களின் தொழில் சங்கங்கள்" என்ற சொற்களை விதியிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனி பணத்தை டாக்டருக்குத் தராமல் சங்கத்துக்குத் தரும். சங்கம் மாநாடு நடத்தும். டாக்டர் விருந்தினராகப் போவார். எந்தப் படியிலும் 6.8 தொடாது.

2023 பதிப்பு அந்த வாசலை மூடியது. டாக்டரும் அவர் குடும்பத்தாரும் பரிசு, கன்சல்டன்சி கட்டணம், கௌரவ ஊதியம் என எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. கம்பெனி நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் போடும் கருத்தரங்கில் கலந்துகொள்ளவும் கூடாது. இந்திய மருத்துவச் சங்கம், மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பு இரண்டும் சேர்ந்தே விதிகளை எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. பெரிய மாநாடு ஒன்றின் அரங்கு வாடகை, ஸ்டால், பை, சாப்பாடு எல்லாம் எங்கிருந்து வருகிறது என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி கட்டாயம் என்று சொல்லிவிட்டு, அதை நடத்தும் பணத்தை ஒரே நாளில் நிறுத்தினால் மாற்று என்ன என்று கேட்டதில் நியாயம் உண்டு. விலக்கு கேட்டிருக்கலாம், இரண்டாண்டு அவகாசம் கேட்டிருக்கலாம். முழுப் பதிப்பும் கிடப்புக்குப் போனதில் நல்லதும் சேர்ந்து போய்விட்டது.

இடையில் வேறு இரண்டு பக்கத்திலிருந்து கயிறு இறுகியது. கம்பெனி டாக்டருக்குத் தரும் இலவசங்களை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்தியல் துறை புதிய சந்தைப்படுத்தல் விதிகளை வெளியிட்டது: நினைவுப் பொருள் ஒன்று ரூ.1,000-க்குள், இலவச மாதிரிகள் ஆண்டு உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்துக்குள், வெளிநாட்டில் மாநாடு கூடாது. ஆனால் இது கட்டுப்படுத்துவது கம்பெனியை; புகாரை விசாரிப்பதும் கம்பெனிகளின் சங்கத்தில் உள்ள குழுவே. பரிசை வாங்கிய கைக்கு இன்னும் 6.8 மட்டும்தான்.

ஸ்கேன் சென்டர் "கட்" எனப்படும், நோயாளியை அனுப்பியதற்கான கமிஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு: 6.4 அதைத் தெளிவாகத் தடை செய்கிறது, கொடுப்பதையும் வாங்குவதையும். கவரில் வரும் பணத்துக்கு ரசீது கிடையாது என்பதால் நிரூபிப்பதுதான் பாடு.

ஒப்புதல் படிவப் பகுதி இரண்டாயிரத்து இரண்டிலேயே பழசு. ஆபரேஷனுக்கு முன் "கணவன் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அல்லது நோயாளி" என நிலைமைக்குத் தகுந்தபடி எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்கிறது 7.16. நினைவோடு இருக்கும் பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்த வாசகத்தில் சாய்ந்து நிற்கிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: சுயநினைவுள்ள வயதுவந்தவரின் ஒப்புதலை அவர்தான் தர வேண்டும், பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் உறுப்பை அகற்றுவதற்குச் செல்லாது. மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நிற்கும் அம்மாவிடம் கேட்டு முடிவெடுத்தது தவறு என்று அதில் தீர்ப்பானது, உயிர் போகும் அவசரம் அங்கே இல்லை என்பதால். எனவே டாக்டர்கள் பார்க்க வேண்டியது தீர்ப்பை, 7.16-ஐ மட்டும் நம்பிப் படிவம் அச்சடித்தால் வழக்கில் நிற்காது. பத்து ஆபரேஷனுக்கும் ஒரே படிவம், கோடிட்ட இடம் காலி, கையெழுத்து மட்டும் இருக்கிறது என்றால் அது ஒப்புதலே இல்லை.

விளம்பர விதிகள் படிக்கச் சுவையானவை. தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, தற்காலிகமாக ஊரில் இல்லாதது, கட்டணத்தை அறிவிப்பது என ஏழு காரணங்களுக்கு மட்டும் பத்திரிகையில் அறிவிப்புத் தரலாம். போர்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் போர்டு மாட்டக் கூடாது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் காலத்தில் இதை வைத்து என்ன செய்வது? 2023 பதிப்பில் இதற்குத் தனி வழிகாட்டுதல் இருந்தது: லைக், ஃபாலோயர் காசுக்கு வாங்கக் கூடாது, நோயாளியிடம் பாராட்டு வீடியோ கேட்கக் கூடாது, குணமானவர் படத்தையும் ஆபரேஷன் வீடியோவையும் போடக் கூடாது, எல்லோரும் பார்க்கும் சமூக ஊடகப் பக்கத்தில் மருந்து எழுதக் கூடாது. கிடப்பில் போனவற்றில் உடனே திரும்பி வர வேண்டியது இதுதான். இதை எதிர்த்து வலுவான வாதம் எதுவும் வரவுமில்லை.

"மெட் டாக்டர்" என்ற முன்னொட்டைப் பெயருக்கு முன் போடலாம் என்றதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் எதற்கும் பயன்படாத விதி. வன்முறையில் இறங்கும் நோயாளியையோ உறவினரையோ பதிவு செய்து, புகார் செய்து, சிகிச்சையைத் தொடர மறுத்து வேறிடம் அனுப்பலாம் என்ற பிரிவு மட்டும் டாக்டர்களுக்கு உண்மையிலேயே தேவையாக இருந்தது, அதுவும் போயிற்று.

விதிகளைப் புதுப்பிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில், தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தது. பிறகு 2002 விதிகளின் இணைப்பாகவே சேர்ந்தது. அது எடுபட்டதற்குக் காரணம், என்ன செய்யலாம் என்று படிப்படியாகச் சொன்னதுதான். நோயாளியே கூப்பிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளலாம். மருந்துகள் பட்டியல் வாரியாகப் பிரிந்தன: எந்த வழியில் பேசினாலும் எழுதக்கூடியவை, முதல் ஆலோசனை வீடியோவில் நடந்தால் மட்டும் எழுதக்கூடியவை, ஏற்கெனவே நேரில் பார்த்தவருக்குத் தொடர் சிகிச்சையில் மட்டும் எழுதக்கூடியவை, ஷெட்யூல் எக்ஸ் மற்றும் போதை மருந்துகள் போல எழுதவே கூடாதவை. போனிலேயே சீட்டு எழுதும் டாக்டர் எல்லை எதுவென்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனில் பொது மருத்துவக் கவுன்சில் தன் நடத்தை விதிகளைப் புதுப்பித்ததும் இதே 2023 ஆகஸ்டில்தான். 22-ல் வெளியிட்டு, 2024 ஜனவரி 30 முதல் அமல் என்று ஐந்து மாதம் அவகாசம் விட்டார்கள். இங்கே 2022 மே மாதமே வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள், உண்மைதான். ஆனால் இறுதி விதி அரசிதழில் வந்த நாளே அமல். பயிற்சியோ மாதிரிப் படிவமோ கைக்கு வருமுன் தண்டனை வந்துவிட்டது.

இனி புகார் நடைமுறை. குறைந்த மதிப்பெண் போட வேண்டிய இடம் இதுதான், இரண்டு பதிப்பிலும். புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும்; தமிழ்நாட்டில் அது 1914-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. அனுப்புவதற்கு முன் மூன்றைச் சரிபார்க்கவும். ஒன்று, டாக்டரின் பதிவு எண். 1.4-ன்படி அது சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் பெயரும் கவுன்சிலும் போட்டுத் தேடலாம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் புகார் அங்கும் இங்கும் பந்தாடப்படும். இரண்டு, புகார் தனி டாக்டர் மீது இருக்க வேண்டும். "மருத்துவமனை மீது நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. அது மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் மாவட்ட சுகாதார இணை இயக்குநர் பக்கம். மூன்று, நஷ்ட ஈடு கேட்காதீர்கள். கவுன்சிலால் எச்சரிக்கவும் பெயரை நீக்கவும் முடியும், பணம் வாங்கித் தர முடியாது. அதற்கு நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். கவுன்சில் முடிவுக்குக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

புகாரில் கோபத்தைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். என்று, எத்தனை மணிக்கு, யார், என்ன செய்தார் அல்லது செய்யவில்லை, அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று எண் போட்டு எழுதினால் விசாரணைக் குழு ஒதுக்கிவிட முடியாது. எந்த விதி மீறப்பட்டது என்றும் எழுதுங்கள்: ஆவணம் தராதது 7.2, கட்டணத்தை முன்பே சொல்லாதது 1.8, தகுதி இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட் என்று போட்டது 7.20. சிகிச்சைத் தவறை நிரூபிக்க வேறொரு டாக்டரின் கருத்து தேவைப்படும். இந்த மூன்றுக்கும் தாளே போதும்.

ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது 8.4. பெரும்பாலும் எடுப்பதில்லை. அப்போது 8.7-ஐக் காட்டி, மேலிடமான தேசிய மருத்துவ ஆணையம் தலையிட்டு விரைவுபடுத்தவோ புகாரைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளவோ எழுத்தில் கேட்கலாம். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

மேல்முறையீட்டில்தான் பெரிய கோளாறு. 2004-ல் சேர்த்த 8.8, பாதிக்கப்பட்ட "எவரும்" 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது. 2019-ம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-வது பிரிவு மருத்துவரின் மேல்முறையீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. அதைக் காட்டி நோயாளிகளின் மனுக்கள் திருப்பியனுப்பப்பட்டதுண்டு. 2023 பதிப்பும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. டாக்டர்களே டாக்டரை விசாரிக்கும் முதல் கட்டத்துக்குப் பிறகு நோயாளிக்கு மட்டும் வழியில்லை என்றால், விதிப் புத்தகம் எத்தனை பக்கம் இருந்தும் என்ன பயன்? மனு திரும்பி வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அதற்கும் முன், கவுன்சில் உத்தரவு வந்த கவரைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். 60 நாள், உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடும். உத்தரவில் அச்சடித்த தேதிக்கும் கவர் மேலுள்ள தபால் முத்திரைக்கும் இடையே வாரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால், அந்தக் கவர்தான் சாட்சி.